ரிப்போர்ட்டில் ‘மெட்டாபிளேசியா’ என்று இருக்கிறது... கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டுமா டாக்டர்?

வாசகி ஒருவரின் கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 42. இரண்டு பிள்ளைகள். சில மாதங்களாக வெள்ளைப்படுதல் தொந்தரவு இருந்ததால் மகப்பேறு மருத்துவரிடம் போயிருக்கிறார். சிறுநீர்ப் பரிசோதனையும், கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையும் செய்திருக்கிறார்கள். சிறுநீர் ரிப்போர்ட்டில், ‘எபிதீலியல் செல்கள் 10–12’. பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டில் நான்கே வரிகள்: ‘மாதிரி போதுமானது. ஸ்குவாமஸ் மெட்டாபிளேசியா செல்கள் காணப்படுகின்றன. அழற்சி மாற்றங்கள் உள்ளன. என்.ஐ.எல்.எம்.’

“வெளியே வந்ததும் கைப்பேசியில் தேடினேன். ‘மெட்டா’ என்று தட்டியதுமே மெட்டாஸ்டாசிஸ் என்று வந்தது. புற்றுநோய்களில் 80 முதல் 90 சதவீதம் எபிதீலியத்தில்தான் தொடங்குகிறது என்றும் போட்டிருந்தது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை” என்று எழுதுகிறார். இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர், “கர்ப்பப்பை வாயில் புண் இருக்கிறது. குழந்தைகளும் பெற்றாகிவிட்டது. எடுத்துவிட்டால் கவலை விட்டது” என்றாராம். சில வருடங்களுக்கு முன் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட அக்காவும் அதையேதான் சொல்கிறார். கணவரிடம் இவர் இன்னும் வாய் திறக்கவில்லை. 11-ஆம் வகுப்பில் உயிரியல் படிக்கும் மகளுக்கு மட்டும் தெரியும். அவள் பாடப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “எபிதீலியத்துல ரத்தக்குழாயே கிடையாதுன்னு போட்டிருக்கும்மா. அப்புறம் எப்படி அழற்சி வரும், எப்படிப் பரவும்?” என்று கேட்டாளாம். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை.

“இது புற்றுநோயா? ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாமா?” இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்குப் பதில். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் புற்றுநோய் இல்லை. புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்றும் அதில் எதுவும் எழுதப்படவில்லை. கர்ப்பப்பையை எடுப்பதற்கான காரணமும் அந்த நான்கு வரிகளில் இல்லை. உங்களை நேரில் பரிசோதிக்காமல் இதை எழுதுகிறேன் என்பதை நினைவில் வையுங்கள். ஆனாலும் அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்பதை உறுதியாகவே சொல்ல முடியும். நான் நோய்க்குறியியல் மருத்துவர். செல்களை நுண்ணோக்கியில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் அன்றாட வேலை. உங்களைப் பயமுறுத்திய அதே சொல்லை நானும் அடிக்கடி எழுதுகிறேன். அதை எழுதும்போது ஒரு வரி விளக்கமும் சேர்த்திருக்கக் கூடாதா என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது நினைத்தேன்.

எபிதீலியம் நோயின் பெயர் அல்ல

உடம்பில் உள்ள திசுக்களை நான்கு வகையாகப் பிரிப்போம்: எபிதீலியம், இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு. இவற்றில் எபிதீலியம் எல்லைக்காவல் திசு. தோலின் மேற்பரப்பு, வாயின் உட்புறம், குடல், மூச்சுக்குழாய், சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை என்று எங்கெல்லாம் ஒரு பரப்பை மூட வேண்டுமோ அங்கெல்லாம் செல்கள் இடைவெளியில்லாமல் நெருங்கி நின்று ஒரு விரிப்பாகப் படர்ந்திருக்கும். சுரப்பிகளும் இந்தத் திசுவிலிருந்து உருவானவையே. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு உடற்கூறியல் அறிஞர் ஃபிரெடெரிக் ரைஷ் வைத்த பெயர் இது. கிரேக்கத்தில் ‘எபி’ என்றால் மேலே, ‘தீலி’ என்றால் முலைக்காம்பு. அங்கே மூடியிருக்கும் மெல்லிய படலத்துக்கு வைத்த பெயர், பிறகு உடம்பில் உள்ள எல்லா மூடுபடலங்களுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது.

‘ஸ்குவாமஸ்’ என்றால் செதில் போன்றது என்று பொருள். தட்டையான செல்களை அப்படிச் சொல்கிறோம். உங்கள் மகளின் புத்தகத்தில் ‘தட்டை எபிதீலியம்’ என்று இருப்பது இதுதான். சுத்தமான பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை மெதுவாகத் தேய்த்து, கண்ணாடி வில்லையில் தடவி, ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரம் சற்றே மடிந்த, அகலமான, வெளிர்நீலச் செல்கள் தெரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் அடர்நீலப் புள்ளியாக உட்கரு இருக்கும். பள்ளி ஆய்வகத்திலேயே செய்துவிடலாம். ‘ஸ்குவாமஸ் எபிதீலியல் செல்’ என்று உங்களைப் பயமுறுத்திய பெயருக்குச் சொந்தக்காரர் அதுதான். அது உங்களுக்கும் எனக்கும் எல்லாருக்கும் இருக்கிறது.

80 முதல் 90 சதவீதம் என்று நீங்கள் படித்ததும் தவறான தகவல் அல்ல. எபிதீலியத்தில் தொடங்கும் புற்றுநோய்க்குக் கார்சினோமா என்று பெயர். புற்றுநோய்களில் பெரும்பாலானவை அந்த வகைதான். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. வெயில், புகை, வைரஸ் எல்லாம் முதலில் வந்து மோதுவது இந்தப் படலத்தின் மேல். தேய்ந்து உதிரும் செல்களுக்கு ஈடாகப் புதியவை பிறந்துகொண்டே இருக்க வேண்டும். குடலின் உட்படலம் சில நாட்களுக்கு ஒருமுறை முழுவதும் மாறிவிடுகிறது. இவ்வளவு வேகமாகச் செல்கள் பிரியும் இடத்தில் பிழை நேரும் வாய்ப்பும் அதிகம். ஆனால் அந்தக் கணக்கை நீங்கள் தலைகீழாகப் படித்துவிட்டீர்கள். திருடர்களில் பெரும்பாலானவர்கள் வாசல் வழியாக வருகிறார்கள் என்பதற்காக, வாசலில் நிற்பவர்கள் எல்லாரும் திருடர்கள் ஆகிவிடுவார்களா?

சிறுநீரில் 10–12 செல்கள்

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பெண்களின் சிறுநீரில் தட்டை எபிதீலியல் செல்கள் அதிகமாகத் தெரிந்தால், பெரும்பாலும் பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள தோலிலிருந்தும் யோனியிலிருந்தும் உதிர்ந்தவை மாதிரியில் கலந்துவிட்டன என்றுதான் பொருள். வெள்ளைப்படுதல் இருக்கும்போது இன்னும் எளிதாகக் கலக்கும். கைகளைக் கழுவி, அந்த இடத்தை முன்னிருந்து பின்னாகத் துடைத்துவிட்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டு நடுவில் வருவதை மட்டும் பாட்டிலில் பிடித்து, தாமதிக்காமல் ஆய்வகத்தில் கொடுங்கள். எண்ணிக்கை தானாகவே குறைந்துவிடும். சிறுநீரகக் குழாய்களிலிருந்து உதிரும் எபிதீலியல் செல்கள் என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தால்தான் சிறுநீரகத்தைப் பற்றி யோசிப்போம். உங்கள் ரிப்போர்ட்டில் அப்படி இல்லை.

மெட்டாபிளேசியா வேறு, மெட்டாஸ்டாசிஸ் வேறு

இரண்டும் ‘மெட்டா’ என்று தொடங்குவதால் வந்த வினை இது. மெட்டா என்றால் இங்கே மாற்றம். ‘ஸ்டாசிஸ்’ நிற்கும் இடத்தைக் குறிக்கும், ‘பிளேசியா’ உருவாவதைக் குறிக்கும். புற்றுநோய்ச் செல் தான் பிறந்த இடத்தை விட்டு வேறொரு உறுப்புக்குப் போய்க் குடியேறுவது மெட்டாஸ்டாசிஸ். ஓர் இடத்தில் இருந்த ஒருவகை முதிர்ந்த செல்லுக்குப் பதிலாக, வேறொரு வகை முதிர்ந்த செல் அங்கே உருவாவது மெட்டாபிளேசியா. முன்னது இடமாற்றம், பின்னது வகைமாற்றம்.

உங்கள் உடம்பில் நடந்த வகைமாற்றம் என்ன? கர்ப்பப்பை வாயின் வெளிப்புறத்தைப் பல அடுக்குத் தட்டைச் செல்கள் மூடியிருக்கின்றன. உட்பாதையில் இருப்பது ஒரே வரிசைத் தூண் செல்கள். சளியைச் சுரப்பது இவற்றின் வேலை. இரண்டும் சந்திக்கும் கோடு வாழ்நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பருவமடையும்போதும் கர்ப்ப காலத்திலும் ஈஸ்ட்ரோஜன் தூண்டுதலால் உள்ளே இருக்கும் தூண் செல்கள் வெளிப்பக்கம் பிதுங்கி வருகின்றன. அங்கே யோனியின் அமிலத்தன்மை அவற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அப்போது தூண் செல்களுக்கு அடியில் காத்திருக்கும் சேமச் செல்கள் பெருகி, அந்தச் சூழலைத் தாங்கக்கூடிய தட்டைச் செல்களாக முதிர்கின்றன. அதுதான் ஸ்குவாமஸ் மெட்டாபிளேசியா. இந்த மாற்றம் நடக்கும் வளையத்துக்கு உருமாற்ற மண்டலம் என்று பெயர். பருவமடைந்த பெண்களிடம் இயல்பாக நடப்பது இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது இந்த உருமாற்ற மண்டலத்தில்தான். எச்.பி.வி. என்ற வைரஸ் அங்கே உருவாகிக்கொண்டிருக்கும் செல்களை எளிதில் பற்றிக்கொள்கிறது. அதனால் பாப் ஸ்மியர் எடுப்பவர் குறிவைக்க வேண்டிய இடமும் அதுவே. சரியான இடத்திலிருந்து மாதிரி வந்திருக்கிறதா என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வோம்? வில்லையில் தூண் செல்களோ மெட்டாபிளேசியாச் செல்களோ குறைந்தது 10 இருக்கின்றனவா என்று பார்ப்போம். தூண் செல்கள் மேலிருந்து பார்த்தால் தேன்கூடு போலவும், பக்கவாட்டில் வேலிக்கம்பு போலவும் வரிசையாக நிற்கும். மெட்டாபிளேசியாச் செல்கள் அவற்றைவிடத் திடமாக, கொஞ்சம் உருண்டு, சில நேரம் சிலந்திக்கால் போல முனைகள் நீண்டு தெரியும். அவற்றைக் கண்டால் எனக்குத் திருப்தி; மாதிரி எடுத்தவர் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார் என்று அர்த்தம். உங்களை அழவைத்த அந்த வரி, பரிசோதனை ஒழுங்காக நடந்ததற்கான சான்று.

கடைசியில் உள்ள ‘என்.ஐ.எல்.எம்.’ என்பதுதான் ரிப்போர்ட்டின் முடிவு. ‘எபிதீலியத்தில் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ காணப்படவில்லை’ என்பதன் சுருக்கம் அது. முடிவை நான்கு எழுத்தில் ஒளித்துவைத்துவிட்டு, வர்ணனையை முழுச் சொல்லில் எழுதும் எங்கள் வழக்கம் மாறினால் பல குடும்பங்களின் நிம்மதி கெடாமல் இருக்கும்.

எல்லா மெட்டாபிளேசியாவும் இப்படித்தானா என்று கேட்டால், இல்லை. பல வருடம் அமிலம் எதுக்களித்து, உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் தட்டைச் செல்கள் இருந்த இடத்தில் தூண் செல்கள் வந்தால் அதைக் கண்காணிக்க வேண்டும். புகைபிடிப்பவரின் மூச்சுக்குழாயில் குறுயிழைச் செல்கள் தட்டைச் செல்களாக மாறுவதும் எச்சரிக்கைதான். எந்த இடத்தில், எது எதுவாக மாறியது என்று சேர்த்துப் படித்தால்தான் சொல்லுக்குப் பொருள் வரும். கர்ப்பப்பை வாயில் தூண் செல் தட்டைச் செல்லாக மாறுவது இயல்பானது.

‘புண்’ என்று சொன்னது

மருத்துவர் சொன்ன ‘புண்’ உண்மையில் புண்ணாக இல்லாமலும் இருக்கலாம். தட்டைச் செல்கள் பல அடுக்காக இருப்பதால் அந்தப் பகுதி வெளிறிய இளஞ்சிவப்பாகத் தெரியும். தூண் செல்கள் ஒரே அடுக்கு என்பதால் அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் தெரிந்து, செக்கச்செவேல் என்று காட்டும். தூண் செல்கள் வெளிப்பக்கம் வந்திருக்கும்போது பார்ப்பவருக்குத் தோல் உரிந்ததுபோல இருக்கும். பழைய நாளில் இதை ‘எரோஷன்’ (அரிமானம்) என்றும் ‘புண்’ என்றும் எழுதினார்கள். அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதனாலேயே சிலருக்குச் சளி போன்ற வெள்ளைப்படுதலும் இருக்கலாம். தொந்தரவு இல்லாவிட்டால் இதற்குச் சிகிச்சையே வேண்டாம். ஆனால், “நீங்கள் பார்த்தது தூண் செல் வெளிவந்த சிவப்பா, அல்லது வேறு ஏதாவது சந்தேகமா?” என்று அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கண்ணுக்குச் சந்தேகமாகத் தெரிந்தால், ஸ்மியர் நன்றாக இருந்தாலும் கால்போஸ்கோப்பி என்ற உருப்பெருக்கிப் பரிசோதனை செய்ய வேண்டும். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

மகளின் கேள்வி

அருமையான கேள்வி அது. எபிதீலியத்தில் ரத்தக்குழாய் இல்லை என்பது சரி. அதன் அடியில் அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய படலம் இருக்கிறது. அதற்கும் கீழே இணைப்புத் திசு. ரத்தக்குழாய்கள் அங்கேதான் ஓடுகின்றன. பிராணவாயுவும் சத்தும் கீழிருந்து ஊறி மேலே வருகின்றன. கிருமியோ உறுத்தலோ வந்தால் வெள்ளையணுக்கள் அந்தக் குழாய்களிலிருந்து வெளியேறி, செல்களுக்கு இடையில் புகுந்து மேலே வந்துவிடும். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள ‘அழற்சி மாற்றங்கள்’ அப்படி வந்தவை.

எப்படிப் பரவும் என்ற கேள்விக்கும் அதே சவ்வில்தான் விடை இருக்கிறது. எபிதீலியச் செல் எவ்வளவு கெட்டுப்போனாலும், அடித்தளச் சவ்வுக்கு மேலேயே இருக்கும்வரை ரத்தக்குழாயையோ நிணநீர்க்குழாயையோ அது தொட முடியாது. தொடாமல் பரவ முடியாது. ரிப்போர்ட்டுகளில் வரும் சொற்களை இந்தச் சவ்வை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். செல்களின் எண்ணிக்கை மட்டும் கூடினால் ஹைப்பர்பிளேசியா. வகை மாறினால் மெட்டாபிளேசியா. செல்களின் உருவமும் அடுக்கின் ஒழுங்கும் கெட்டால் டிஸ்பிளேசியா. இதிலிருந்துதான் நாங்கள் கவனமாகிறோம். கர்ப்பப்பை வாயில் இதற்கு சி.ஐ.என். என்று பெயரிட்டு, படலத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கு வரை என்றால் 1, மூன்றில் இரண்டு பங்கு வரை என்றால் 2, அதற்கும் மேலே போனால் 3 என்று எண் கொடுக்கிறோம். இவை எல்லாமே சவ்வுக்கு மேலே இருப்பவை, சி.ஐ.என். 1 பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். சவ்வைக் கிழித்துக் கீழே இறங்கினால்தான் ஊடுருவும் கார்சினோமா. நீங்கள் இந்த வரிசையில் டிஸ்பிளேசியாவுக்கே வரவில்லை.

ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாமா?

இந்த ரிப்போர்ட்டை மட்டும் காரணமாகச் சொன்னால், வேண்டாம். சி.ஐ.என். 2, 3 என்று உறுதியானால்கூட வழக்கமாக முதலில் செய்வது, உருமாற்ற மண்டலத்தை மட்டும் மின்கம்பி வளையத்தால் நீக்குவது அல்லது வெப்பத்தாலோ உறையவைத்தோ அழிப்பதுதான். அதற்கே கர்ப்பப்பையை எடுப்பதில்லை என்னும்போது, மெட்டாபிளேசியாவுக்காக எடுப்பதில் நியாயம் எங்கே இருக்கிறது?

‘பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி எதற்கு’ என்பதும் சரியல்ல. அது பெரிய அறுவை சிகிச்சை. ரத்தப்போக்கு, தொற்று, மயக்கமருந்துச் சிக்கல், பக்கத்தில் உள்ள சிறுநீர்ப்பைக்கோ சிறுநீர்க்குழாய்க்கோ காயம் என்று அதற்கென்று அபாயங்கள் உண்டு. சூலகங்களையும் சேர்த்து எடுத்தால் 42 வயதிலேயே மாதவிடாய் நின்ற நிலை வந்துவிடும். எலும்பும் இதயமும் அதன் விலையைக் கொடுக்கும். சூலகங்களை விட்டுவைத்தாலும் அந்த நிலை சற்று முன்னதாக வரலாம். உங்கள் அக்காவுக்கு என்ன காரணத்தால் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பெரிய கட்டி, கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு என்று தகுந்த காரணம் இருந்திருக்கலாம். அவருக்குச் சரியாக இருந்தது உங்களுக்கும் சரியாக இருக்க வேண்டும் என்றில்லை.

அறுவை சிகிச்சைக்கான காரணத்தை எழுத்தில் கேட்பது உங்கள் உரிமை. வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் அப்படித்தான். எந்த மருத்துவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரிப்போர்ட்டின் நகலோடு, கண்ணாடி வில்லையையே கேட்டு வாங்கி இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டலாம். அவகாசமும் இருக்கிறது. எச்.பி.வி. தொற்றிலிருந்து புற்றுநோய் உருவாகச் சாதாரணமாக 15 முதல் 20 வருடங்கள் ஆகும். ‘நாளைக்கே சேர்ந்துவிடுங்கள்’ என்று அவசரப்படுத்த இந்த ரிப்போர்ட்டில் எதுவும் இல்லை.

இனி என்ன செய்யலாம்

வெள்ளைப்படுதலுக்கு இன்னும் யாரும் காரணம் தேடவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்ட பெரிய குறை. புற்றுநோய்ப் பயத்தில் அது மறந்தே போய்விட்டது. அரிப்பு, துர்நாற்றம், நிறம் இவற்றைச் சொல்லி, யோனித் திரவத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பூஞ்சைத் தொற்றா, பாக்டீரியாவா, டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியா என்று தெரிந்தால் மாத்திரை மருந்தில் சரியாகிவிடும். பாப் ஸ்மியர் இதற்கான பரிசோதனை அல்ல.

அடுத்து, எச்.பி.வி. பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். 30 வயதிலிருந்து, 5 முதல் 10 வருடங்களுக்கு ஒருமுறை எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்திருக்கிறது. அதற்கு வசதி இல்லாவிட்டால் 3 வருடங்களுக்கு ஒருமுறை பாப் ஸ்மியர் போதும். ஆனால் உறவுக்குப் பின் ரத்தக்கசிவு, மாதவிடாய்க்கு இடையில் ரத்தம், ரத்தம் கலந்த துர்நாற்றமான திரவம் என்று ஏதாவது வந்தால், போன ரிப்போர்ட் நன்றாகத்தானே இருந்தது என்று இருந்துவிடாதீர்கள். உடனே போய்க் காட்டுங்கள். மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுவது பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறந்தது என்றாலும், அவள் வயதிலும் பயன் உண்டு.

கணவரிடம் சொல்லிவிடுங்கள். இதில் மறைக்க எதுவும் இல்லை. ஜார்ஜ் பாப்பனிகோலாவ் 1928-ல் முதன்முதலாக இந்தப் பரிசோதனையைப் பற்றி அறிவித்தார். ‘பாப்’ என்பது அவர் பெயரின் முதல் பகுதி. அவருடைய ஆய்வுக்காகப் பல ஆண்டுகள் தன் செல்களைத் தந்து உதவியவர் அவர் மனைவி ஆண்ட்ரோமாக்கி. கணவனும் மனைவியுமாகப் பேசிக்கொண்டு வளர்த்த பரிசோதனை இது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்தப் பதிலையும், கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிய தாளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே என்ன சொன்னார்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.